மால்ட் தேடிய மூன்று வருடங்கள்

1

போன திங்கட்கிழமை, இன்னும் ஓராண்டு இந்த ஊரில் இருக்க எனக்கு அனுமதி கொடுத்தார்கள். தனுஷ்கோடியில் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. வருடம் தவறாமல் ஒரு படிவத்தை நிரப்பி, இரண்டு போட்டோ ஒட்டி, அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்கிறேன். இந்தத் தடவை மேசையில் இருந்தவர் என்னைவிட இருபது வயதாவது இளையவர். படிவத்தில் ஒரு கேள்வி: சென்ற ஆண்டில் ஏதேனும் குற்றத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறீர்களா? என் பேனா அங்கே நின்றுவிட்டது.

"என்ன ஐயா, விளங்கேல்லையா?" என்றார்.

"விளங்குது" என்றேன். "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து முத்திரையைக் காட்டினேன். என் மனைவி பாக்கியம் வாங்கி அலுமாரியில் வைத்தாள். என் மகள் சாந்திக்குத்தான் சந்தோஷம். "அப்ப இன்னும் ஒரு வருசத்துக்கு உங்கட ஊருக்குப் போகமாட்டம், என்னப்பா?" என்றாள். அவளுக்குப் பதினொரு வயது. இங்கே பிறந்தவள். தூத்துக்குடி அவளுக்கு 'உங்கட ஊர்' ஆகி வெகுநாளாயிற்று. நான்தான் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல அதிர்ந்துபோகிறேன்.

'உனக்கென்ன குறைச்சல், அக்கரையில் சுகமாக இருக்கிறாய்' என்று எழுதுகிற உறவினர்களுக்கு, அந்த 'இல்லை' எப்படி எழுதப்பட்டது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். விஷயம் பியர். உங்களுக்கு மதுவிலக்கு, முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொண்டே படியுங்கள்.

2

வெள்ளைக்காரர்களின் கடற்படைத்தளம் இங்கே இருந்தபோது அவர்கள் கேன்டீனில் சாமான் அறைக் குமாஸ்தாவாகத்தான் வேலைக்கு வந்தேன். அங்கே கப்பல்பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர் ஸ்டீபன். இந்த ஊர்க்காரர். துறைமுகத்தில் அவருக்குத் தெரியாத திருகாணி இருக்காது.

முதல் வாரம் நான் பெட்டிகளைத் தூக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன். "ஆறுதலாச் செய்யுங்கோ அண்ணை" என்றார். எனக்கு ஒரு துக்கமும் இல்லையே, இவர் ஏன் ஆறுதல் சொல்கிறார் என்று விழித்தேன். இங்கே ஆறுதலாக என்றால் மெதுவாக என்று அர்த்தம். கதை என்றால் பேச்சு. ஏலாது என்றால் முடியாது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்ததும், வீடு பார்த்துக்கொடுத்ததும் அவர்தான். பாக்கியம் கல்யாணமாகி வந்து இறங்கிய அன்று குசினியில் அடுப்பு மூட்டியது ஸ்டீபனின் மனைவிதான். குசினி! பார்த்தீர்களா, அடுக்களை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் ஸ்டீபனும் நானும் ஆளுக்கொரு கிளாஸ் பியர் குடிப்போம். அதை நான் மறைக்கப்போவதில்லை. வீட்டில் மட்டும் மறைத்தேன். பாக்கியத்தின் அண்ணன் தூத்துக்குடியில் கள்ளச்சாராயம் குடித்துக் கண் போய், பிறகு உயிரும் போனவன். 'குடி' என்ற சொல்லையே அவள் வீட்டுக்குள் விடமாட்டாள்.

பிறகு வெள்ளைக்காரர்கள் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குத் துறைமுகத்தை ஒட்டி ஒரு கப்பல் சாமான் கடையில் வேலை கிடைத்தது. ஸ்டீபனுக்கு நிலையான வேலை போய், கூப்பிட்ட நாளைக்கு மட்டும் வேலை என்றாயிற்று. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கப்பல்காரர்கள் கரையிறங்கினால் பியர் கேட்கிறார்கள். ஊரில் சாராயம்தான் கிடைக்கிறது. லைசென்ஸ் எடுத்துச் சின்ன அளவில் பியர் காய்ச்சினால் என்ன? ஒரு வெள்ளைக்கார மாலுமி சொல்லிக்கொடுத்த முறையை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார். பெரிய செப்புப் பானை இருந்தது. சாற்றின் இனிப்பை அளக்க, மிதக்கவிடும் ஒரு கண்ணாடிக்குழல்கூட வைத்திருந்தார்.

"எல்லாம் இருக்கு அண்ணை. மோல்ட் ஒண்டுதான் இல்லை. நீங்க கடையில இருக்கிறியள், எடுத்துத் தரேலாதா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் காயவைத்தால் அதுதான் மால்ட், ஸ்டீபன் வாயில் மோல்ட். அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு வரும். ஹொப்ஸ் என்று ஒரு கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் கலந்து புளிக்கவிட வேண்டும். அவ்வளவுதான் பியர்.

"இவ்வளவுதானே, எடுத்துவிடலாம்" என்றேன். அன்றைக்கு என் வாயை யாராவது பொத்தியிருக்கலாம்.

3

வெளிநாட்டுச் சாமான் எதற்கும் இறக்குமதி அனுமதி வேண்டும் என்று அப்போது கெடுபிடி தொடங்கிவிட்டது. மனைவிமார் வாசனைச் சோப்புக்கே அலைந்தார்கள். மால்டுக்கு அனுமதி கேட்டு ஸ்டீபன் பேரில் நானே ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். நான்கு மாதம் கழித்துச் சிங்களத்தில் பதில் வந்தது. எங்கள் கடையின் சாமான் அறையில் வேலைசெய்த பியசேனவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னான்: "உங்கட கடிதம் கிடைச்சதாம். அவ்வளவுதான்."

கொழும்பில் ஒரு மொத்த வியாபாரிக்கு எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். மால்ட் என்பதை அவர் சால்ட் என்று படித்துவிட்டார். மூன்று வாரம் காத்திருந்து ரயில் நிலையத்தில் மூட்டையைப் பிரித்தால், உப்பு. உப்பளம் இருக்கிற நிலாவெளிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கொழும்பிலிருந்து உப்பு வரவழைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்து மருந்துக்கடை பார்லி. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கும் பார்லிதானே, முளைக்கவைத்துப் பார்க்கலாம் என்று நனைத்துத் துணியில் கட்டினோம். இரண்டாம் நாள் நாறியது. மூன்றாம் நாள் வழவழத்தது. நாலாம் நாள் ஸ்டீபனின் மனைவி தூக்கி வெளியே எறிந்தார். தோலைத் தீட்டி எடுத்த பார்லி முளைக்காது என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

பிறகு டிஸ்பென்சரியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மால்ட் பாகு இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஆறு போத்தல் சேர்ப்பதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஸ்டீபன் காய்ச்சினார். கொதிக்கத் தொடங்கியதும் மேலே எண்ணெய் மிதந்தது. மீனெண்ணெய் கலந்த டானிக் அது. மூன்று நாளைக்குத் தெருப்பூனைகள் எல்லாம் அவர் வீட்டு வேலியில்தான்.

நான் விட்டுவிடுவோம் என்றேன். ஸ்டீபன் விடவில்லை. "கிழமைக்கு ரெண்டு நாள்தான் வேலை. மிச்ச நாள் நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ? சும்மா இருக்க என்னால ஏலாது அண்ணை" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த வாரம் வீட்டில் ஒருநாள் பாக்கியம் முற்றத்தில் பாய் விரித்துக் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு. ஊறவைத்து, கட்டிவைத்து, முளைவிட்டதைக் காயவைத்து, வறுத்துத் திரித்துக் கூழ் மாவு செய்வதில் எங்கள் தெருவில் அவளுக்குப் பேர். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் பாயின் முன்னால் குந்திவிட்டேன். முளைகட்டிக் காயவைத்த தானியம்! மூன்று வருடமாக இதை நான் கொழும்பில் தேடிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்க முடியாது. ஸ்டீபனின் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, நிறைய மாவு வேண்டுமாம் என்றேன். ஸ்டீபனுக்குத் தங்கையே கிடையாது; அது பாக்கியத்துக்குத் தெரியாது.

"எவ்வளவு?"

"ஒரு மரக்கால்."

"யானைக் குட்டியா பெத்திருக்கா?" என்று சிரித்தாள். ஆனால் செய்தாள்.

வறுத்தால் சரிவராது என்று ஸ்டீபன் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொன்னபோது சிரிப்பு நின்றது. "வறுக்காத மாவைக் குழந்தைக்கா? வயித்துக்கு ஆகாதே."

"டாக்டர் அப்படித்தான் சொன்னாராம்."

"என்ன டாக்டரோ" என்றாள். ஹொப்சுக்குப் பதிலாக அவளுடைய வேப்பம்பூ டப்பாவிலிருந்து இரண்டு பிடி எடுத்தேன். ஈஸ்டுக்குச் சல்லிக் கிராமத்திலிருந்து கள்ளின் அடிமண்டி வந்தது.

பத்து நாள் கழித்து ஸ்டீபன் வீட்டுப் பின்கட்டில் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றினோம். கலங்கலாக, செம்மண் தண்ணீர் நிறத்தில் இருந்தது. நுரை வந்தது. குடித்தேன். கேன்டீனில் குடித்த பியர் இல்லை. ஆனால் பியர்தான். ஸ்டீபன் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

4

லைசென்சுக்கான விண்ணப்பத்தோடு தயாரிப்பின் மாதிரி ஒன்றையும் வைக்கவேண்டும் என்று படிவத்தில் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். காய்ச்சாமல் மாதிரி எங்கிருந்து வரும்?

"களவாக் காய்ச்சுறவன் கடுதாசி எழுதுவானா அண்ணை? நான் நேராத்தானே போறன்."

"எனக்கு வருடா வருடம் வாங்கும் வதிவிட அனுமதிதான் இருக்கிறது ஸ்டீபன். ஒரு வழக்கு வந்தால் குடும்பத்தோடு கப்பலேற்றிவிடுவார்கள்."

"உங்கட பேர் இதில வராது" என்றார்.

ஒரு போத்தலை நன்றாகக் கழுவி, தாள் ஒட்டி, விண்ணப்பத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தார். 'மூலப்பொருள்: முளைகட்டிய குரக்கன்' என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். குரக்கன் என்பது இங்கே கேழ்வரகுக்குப் பெயர்.

ஐந்தாம் நாள் மதுவரி இன்ஸ்பெக்டர் அவர் வீட்டுக்குப் போய்ப் பானையையும் கண்ணாடிக்குழலையும் எடுத்துக்கொண்டார். மாவு இருந்த சாக்கையும் எடுத்தார். சாக்கில் எங்கள் கடையின் முத்திரை இருந்தது. அன்று முற்பகல் அந்தச் சாக்கோடு கடைக்கு வந்துவிட்டார். மட்டக்களப்புக்காரர், முப்பது வயதிருக்கும்.

"இந்தச் சாக்கு உங்கட கடைச் சாக்குத்தானே? உங்கட வீட்டிலயும் குரக்கன் காயுதெண்டு தெருவில சொல்லுறாங்கள். ஒருக்கா வீட்டை போய்ப் பாப்பமா?"

வீடு வந்து சேரும்போது என் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. முற்றத்தில் அடுத்த மரக்கால் காய்ந்துகொண்டிருந்தது. பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். பள்ளி விடுமுறை, சாந்தியும் இருந்தாள்.

"என்னம்மா இது காயுது?"

"கேப்பை" என்றாள் பாக்கியம். கேழ்வரகு எங்கள் பக்கத்தில் கேப்பைதான். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். என் நாக்கு எழும்பவில்லை.

"அம்மா குரக்கனைத்தான் சொல்றா" என்றாள் சாந்தி. தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று என் மகள் மொழிபெயர்த்தாள்.

"ஏன் முளைக்க விட்டிருக்கிறியள்?"

"கைக்குழந்தைக்குக் கூழ் மாவு, சார். முளைகட்டினாத்தான் செரிக்கும், சதை போடும். ஸ்டீபன் தங்கச்சிக்குக் குழந்தை பொறந்திருக்கு, அதுக்குத்தான்."

தயங்காமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் நம்பியதைச் சொன்னாள். அப்படிச் சொல்கிறவளை எந்த அதிகாரியும் சந்தேகப்பட மாட்டான். இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்து 'குழந்தை உணவு' என்று எழுதினார். பிறகு நோட்டை மூடிக்கொண்டு நின்றார்.

"என்ர பிள்ளைக்கு எட்டு மாசம். ஒண்டும் உடம்பில பிடிக்குதில்லை. ஒரு சுண்டு மாவு தருவியளா அம்மா?"

"அதுக்கென்ன சார். நல்லா வறுத்துத் திரிச்சு நானே கொண்டாந்து தாரேன்."

அவர் போனதும் பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். "அந்த ஆளு எந்த ஆபீசு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. காய்ந்த கேழ்வரகைக் கையால் ஒதுக்கி ஒதுக்கிக் குவித்தாள்.

"எங்க அண்ணன் எப்படிச் செத்தான்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே என் கையால செய்ய வச்சீங்க. சரி. என் வாயால பொய்யும் சொல்ல வச்சிட்டீங்களே" என்றாள்.

5

இரண்டு நாள் கழித்து அவள் மாவை வறுத்துத் திரித்து டின்னில் போட்டுக்கொண்டு, சாந்தியையும் கூட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனாள். என்னிடம் சொல்லவில்லை. மாலையில் நான் கடையிலிருந்து வந்ததும் சாந்தி ஓடிவந்தாள்.

"அப்பா, அம்மா எல்லாத்தையும் சொல்லிப்போட்டா!"

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன சொன்னாள்?"

"அந்தக் குரக்கன் பியருக்குத்தான், எனக்குத் தெரியாது, தெரியாமப் பொய் சொல்லிட்டேன், மாத்தி எழுதிக்கிடுங்க சார் எண்டு."

"அவர்?"

"நோட்டை எடுத்துப் பாத்தார். பேந்து சொன்னார், அறிக்கை கொழும்புக்குப் போயிட்டுது அம்மா, இனி மாத்த ஏலாது எண்டு. மாத்திறதெண்டா தான் முதல்ல பிழையா எழுதினதெண்டு எழுதோணுமாம். அதுக்கு மறுமொழி வர ஒரு வருசம் செல்லுமாம். மாவைத் தாங்கோ எண்டு வாங்கிக்கொண்டார்."

பாக்கியம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பவில்லை. நாங்கள் கப்பலேறுவதற்கும் தயாராகத்தான் அவள் அங்கே போயிருக்கிறாள். நான் நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை. வீட்டு வாசலில் நாக்கு எழும்பாமல் நின்றவன்.

ஸ்டீபனைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். அன்று கடையில் கப்பல் சாமான் ஏற்றும் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் நான் போயிருக்கமாட்டேன். இந்தியக்காரன் அங்கே என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால்? போய்வந்தவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். குற்றவாளி என்று ஒப்புக்கொண்டாராம். கூட யார் என்று நீதவான் கேட்டாராம். "ஒருத்தரும் இல்லை, நான் தனியத்தான்" என்றாராம். அபராதம் போட்டார்கள். செப்புப் பானையை அவர் கண் முன்னால் ஓட்டை போட்டார்கள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து லைசென்ஸ் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. ஸ்டீபன் அதை என்னிடம் கொண்டுவந்தார். மறுபடி பியசேன படித்தான். படித்துவிட்டுத் தாளை மடித்தான், பிரித்தான், எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். விண்ணப்பதாரர் அனுமதியின்றி மதுபானம் காய்ச்சிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்பதால் லைசென்ஸ் வழங்க முடியாதாம்.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார் ஸ்டீபன். பியசேன இன்னொரு தடவை படித்தான். அதேதான் இருந்தது.

6

மலைநாட்டில் ஒரு பியர் ஃபாக்டரியில் கொதிகலன் பார்க்க ஃபிட்டர் தேவை என்று பழைய பட்டறைச் சிநேகிதர் ஒருவர் எழுதியிருந்தார். வழக்கு விஷயம் தெரிந்தபின் இங்கே துறைமுகத்தில் யாரும் ஸ்டீபனைக் கூப்பிடுவதில்லை. குடும்பத்தோடு கிளம்பினார். பஸ் நிலையத்துக்குப் போனேன். பாக்கியம் வரவில்லை, வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். பெட்டிகளை மேலே ஏற்றினோம். மனைவியும் பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தார்கள். ஸ்டீபன் கீழே நின்றார்.

"வெளிக்கிடுறன் அண்ணை."

"எல்லாம் என்னால்..." என்று தொடங்கினேன்.

"அதை விடுங்கோ. உங்கட பேரைச் சொல்லமாட்டன் எண்டனான், சொல்லேல்லை. அதில எனக்கு ஒண்டுமில்லை." பஸ்ஸின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். "ஆனா கோட்டுக்கு வந்திருக்கலாம் நீங்க. கதைக்க வேண்டாம். சும்மா பின்னால நிண்டிருந்தாலே எனக்குப் போதும்."

எனக்கு அவர் கற்றுக்கொடுத்த தமிழும் வரவில்லை, ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழும் வரவில்லை. பஸ் புறப்பட்டது.

அதற்குப் பிறகு ஏழு மாதமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. போன புதன்கிழமை, என் அனுமதியில் முத்திரை விழுந்த மூன்றாம் நாள், ஒரு கவர் வந்தது. அரைப்பக்கம்தான் எழுதியிருந்தார். குளிர் தாங்க முடியவில்லை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வேலை நிரந்தரம். கடைசியில் இப்படி: 'இங்கே சாமான் அறையில் மோல்ட் மூட்டைகள் கூரை முட்ட இருக்கின்றன. எல்லாம் அனுமதியோடு கப்பலில் வந்தது. கொதிகலன்காரருக்கு அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை. தரையில் சிந்திக் கிடந்ததில் கொஞ்சம் பொறுக்கி வைத்திருக்கிறேன். நாங்கள் தேடியது எப்படி இருக்கும் என்று நீங்கள் ஒருக்காவது பார்க்க வேண்டாமா?'

கவரின் மூலையில் சிறு பொட்டலம். பிரித்தேன். எட்டு மால்ட் மணிகள் இருந்தன. வெளிறிய வைக்கோல் நிறம். நெல்லைவிடக் கொஞ்சம் பருமன். நுனியில் உதிர்ந்துபோன முளையின் தழும்பு. மூக்கருகே கொண்டுபோனேன், பிஸ்கட் வாசனை.

பாக்கியம் அரிவாள்மணையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து ஸ்டீபன் பெயரையோ இந்த விஷயத்தையோ அவள் எடுத்ததில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தாள். ஒரு மணியை எடுத்து முன்பல்லால் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"இதுக்கா?" என்றாள்.